அமான்

மட்டன் தெருவில், ஜூலை மழைக்கு நடுவே,
முஸ்தன்சிர் பாய் நூற்றைம்பதுக்குக் கொடுத்தார்.
பார்சி நாடகப் பாட்டு என்றார்.
யோசித்து, இல்லாவிட்டால் ஆர்மீனியம்.
ஓரத்தில் கீறல் உண்டு, திருப்பி எடுக்கமாட்டேன்.

லேபிளில் இருந்த எழுத்துகளை எனக்குத் தெரியும்.
பை. தீட்டா. சிக்மா.
பத்தாம் வகுப்பில் இரண்டு முறை
என்னைப் பெயிலாக்கிய அதே பயல்கள்
இங்கே ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி
பவ்யமாக நிற்கிறார்கள்.

ஆன்டாப் ஹில், மூன்றாம் மாடி.
சாவி கொடுத்து முள்ளை வைத்தேன்.
முதலில் எண்ணெயில் வடகம் பொரிகிற சத்தம்.
பிறகு அவள்.

தாளம் கிடையாது. சந்தூர் போல ஏதோ
பின்னால் சில்லறை எண்ணுகிறது.
ஒரே சொல்லைக் கைப்பிடியாகப் பற்றிப்
படியிறங்குகிறாள், பாதியில் நின்று
எதையோ மறந்தவள்போல் திரும்ப ஏறுகிறாள்.
நம் சுரங்களுக்கு நடுவே
ஆள் குடியில்லாத இடத்தில் எல்லாம் கால் வைக்கிறாள்.
ஆமாம், ஆமாம் என்கிறாள்.
எதற்கு இத்தனை ஆமாம்?
யார் அவளிடம் என்ன கேட்டார்கள்?

"ஆமாம் இல்லை, அமான்" என்றார் பாய்.
"அடைக்கலம். காப்பாற்று என்கிறாள். எங்கள் சொல்தான் அது."
அரபிகளிடம் துருக்கியர் வாங்கி,
துருக்கியரிடம் இந்தக் கிரேக்கப் பெண் வாங்கி,
யாரும் இதுவரை திருப்பித் தரவில்லை போல.

அவர் மருமகன் போனில் தேடிப் படித்தான்:
ஸ்மிர்னா. துறைமுக ஊர். எரிந்துவிட்டது.
தப்பியவர்கள் படகேறி
சொந்த மொழி பேசும் கரையில் இறங்கினால்
அங்கே அவர்களைத் துருக்கி வித்து என்றார்களாம்.
அந்த வசவு மட்டும் எனக்கு
மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்தது.
இந்த ஊரில் முப்பது வருடம் மதராஸியாக இருந்தவன் நான்.

தட்டைத் துடைக்கும்போது விரலில் ஒட்டிய கறுப்பு, அரக்கு.
நம் காட்டுப் பலாசங்கிளையில்
பூச்சி கசியவிட்டது.
கல்கத்தாவில் கப்பலேறி, எங்கோ உருகி,
அவள் தொண்டையை அச்செடுத்துக்கொண்டு
எந்த மாலுமியின் பெட்டியிலோ பம்பாய் வந்திருக்கிறது.
அரக்கு மாளிகை எரியும் என்று
கதை கேட்டு வளர்ந்த சனம் நாம்.
ஊர் எரிந்து அரக்கு மிஞ்சிய கதையை
யாரும் சொல்லவில்லை.

இரவு இன்னொரு முறை வைத்தேன்.
பாதியில் சாவி தீர்ந்து, சுற்று தளர்ந்து,
அவள் குரல் ஆண்குரலாகிக்
கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கியது.
பக்கத்து வீட்டு ஜெபக்கனி சுவரைத் தட்டினாள்:
"என்ன அண்ணே, ஊர்ல எதும் துக்கமா?"

நான் வாய் திறப்பதற்குள்
பெட்டி சொல்லிவிட்டது,
ஆமாம்.