இரண்டாவது டிக்

ஹாலிஃபாக்ஸில் பனி கொட்டும் செவ்வாய்.
நபீஹ் கடையில் நாங்கள் நாலு மேசைக்காரர்கள்.
கல்லாவில், எலுமிச்சைக் கூடைமேல்
சாய்த்து வைத்த போன்.
தங்கைக்கு அனுப்பிய செய்தி
மதியத்திலிருந்து ஒற்றை டிக்.

"சைதாவில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான்"
என்கிறார்,
கேட்காதவர்களிடமும்.

நான் கேட்டது கோழி, வந்தது கத்தரிக்காய்.
பஸ் ஓட்டும் டங்கனுக்கு
பூண்டுப் பசை மட்டும், ரொட்டி இல்லாமல்.
மார்ஜரிக்கு இரண்டாம் முறையும்
பருப்பு சூப்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
தின்பதற்குத் தவிர.

இளஞ்சிவப்பு டர்னிப் ஊறுகாய்
கடித்தால் நறுக்கென்கிறது.
ஒதுக்கி வைத்தேன்.

கை கழுவப் போனவர்களெல்லாம்
கல்லாவைச் சுற்றிப் போனார்கள்.
கழுவுமிடம் எதிர்ப்பக்கம்.

ஒன்பதேகாலுக்கு டங்கன்தான் பார்த்தான்.
என் ரொட்டியை மென்றபடி
பேச வராமல்
இரண்டு விரலை உயர்த்தினான்.

"இரண்டு காபியா?" என்றார் நபீஹ்.

பிறகு திரும்பினார்.

அடுக்களைக்குள் போனவர்
வர நேரமாயிற்று.
உள்ளே குழாய் திறந்தபடி கிடந்தது.

பில் வந்தது.
கேட்காத கத்தரிக்காய்க்கும்
வராத கோழிக்கும்
சேர்த்தே போட்டிருந்தார்,
கூட்டல் மட்டும் சரியாக.