வண்டல்

சிவாஜிநகர் நயாஸ் கடையில்
கோழிக்குஞ்சுத் தீனிதான் உண்டு.
வாத்துக்கென்று தனியாக யார் கேட்கிறார்கள் என்றான்.
மருந்து கலந்ததா என்றேன்,
கன்னடத்தில் ஒருமுறை, உருதுவில் ஒருமுறை.
கலக்காத மூட்டையை உள்ளேயிருந்து இழுத்து வந்தான்.

பத்தாம் நாள் ஐந்தில் ஒன்று
முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டது.
தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும்
வயிற்றால் தேய்ந்து போனது.
மற்ற நான்கும் அதை மிதித்தேறித் தின்றன.

நான் தரை துடைக்கும் இந்திராநகர் பீர்க்கடையில்
தொட்டியடி வண்டல் சாக்கடைக்குத்தான் போகும்.
"ஈஸ்ட் அக்கா, பி வைட்டமின் அவ்வளவும் அதுலதான்."
காய்ச்சுகிற பையன் டெரன்ஸ் எப்போதோ சொன்னது,
தன் முடி கொட்டுகிற கவலையில்.

டிபன் டப்பாவில் கொண்டுவந்தேன்.
செக்யூரிட்டி திறந்து மோந்து பார்த்தான்.
குடிக்கவா?
வாத்துக்கு.
ராத்திரி ரெண்டு மணிக்கு
அவ்வளவு சத்தமாக அவன் சிரித்ததில்லை.

சுண்டக் காய்ச்சி, தீனியில் பிசைந்து வைத்தேன்.
நக்கிப் பார்த்தேன், கசப்பு.
நான்கும் அலகை உதறிக்கொண்டன.
அது மட்டும் தின்றது.

ஆறாம் நாள் விடிகாலை
ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால்
செருப்பைச் சுற்றி ஐந்தும் நிற்கின்றன.
முட்டிபோட்டது எது என்று
குனிந்து குனிந்து தேடுகிறேன்.
தெரியவில்லை.