மூன்று இழை

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றதும்
இறங்கிப்போய்ப் புறங்கையை வைத்தேன்.
உள்ளங்கை கூடாது, காய்ப்பு ஏறிய தோல் பொய் சொல்லும்.
வலது முன் அச்சுப்பெட்டி வெதுவெதுப்பு, சரி.
இடது, தோசைக்கல்.

மூடி போன இடம் தெரியவில்லை.
அடர்லியைத் தாண்டி ஏதோ ஒரு பாலத்தில்
கழன்று பள்ளத்துக்குப் போயிருக்கும்.
கூடவே திரியும்.
கிண்ணத்தில் எண்ணெய் ததும்புகிறது,
ஒரு சாண் கீழே வெள்ளை ஈயம் வேகிறது.

எண்ணெய்க்கும் ஒரு மலை உண்டு.
அரை விரல் உயரம், குழாயின் விளிம்பு.
தானாக ஏறாது.
கம்பளி இழை குடித்துக் குடித்துத் தூக்கிக்கொண்டு போய்
அந்தப் பக்கம் சொட்டாக இறக்க வேண்டும்.
இரண்டு இழை போதாது,
நான்கு போட்டால் குன்னூர் வருமுன் கிண்ணம் காலி.
மூன்று.
உதிரி நூல் குன்னூர் ஷெட்டில்
என் இன்னொரு சட்டையின் பையில் இருந்தது.

டிரைவர் தெய்வசிகாமணி என்னைத் திட்டவில்லை.
திங்கட்கிழமை சண்டைக்குப் பிறகு
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
கார்டிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி:
"கம்பளி வேணும். பருத்தி ஆகாது.
தண்ணியக் கண்டா அது எண்ணெயை மறந்துடும்."

வடையைப் பாதி கடித்தபடி மக்கள் கூடினார்கள்.
ஊட்டியில் போன வருஷம் வாங்கிய சால்வை என்று ஒருத்தர்,
சுத்தக் கம்பளி என்று கடைக்காரன் சத்தியம் செய்தானாம்.
ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி வைத்தேன்.
சுருண்டு உருகி உருண்டையாகி
பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம்.
அடுத்தவர் மப்ளர். அதுவும் வாளி.
மூன்றாவது ஸ்வெட்டர், விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது.
அந்த அம்மாள் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில்
எந்த எண்ணெயும் வேலை செய்யாது.

அப்போது கடைசிப் பெட்டியிலிருந்து
வெல்லிங்டன் பட்டாளத்துக்காரர் ஒருத்தர் இறங்கி வந்தார்.
நாயக் புகழ்மாறன். ஒட்ட வெட்டிய கிராப்பு, புஜத்தில் தழும்பு,
கையில் இரண்டு ஊசி, மஞ்சள் நூலுருண்டை.
கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரத்தில்
பக்கத்துக் கட்டில்காரன் பழக்கிவிட்டானாம்.
சித்திரையில் குழந்தை பிறக்கும்.
யாரும் சிரிக்கவில்லை. ஒரு குரங்கு மட்டும்
கூரையிலிருந்து உருண்டையைக் குறிபார்த்தது.

தீக்குச்சி கிழித்தேன்.
சுடர் தயங்கி அணைந்தது.
முடி பொசுங்கும் வாடை.
"ஆடுதான்" என்றார் தெய்வசிகாமணி, நேராக என்னிடம்.

உருண்டை ஏற்கெனவே முடிந்துகொண்டிருந்தது.
பின்னியதிலிருந்தே நான்கு வரிசை பிரித்தார்,
வாய்க்குள் கண்ணி எண்ணிக்கொண்டே.
சுருள் சுருளாக வந்த நூலைச் செப்புக் கம்பியில் கட்டி,
எண்ணெயில் முக்கிப் பிழிந்து, குழாய்க்குள் விட்டேன்.
மஞ்சள் பழுப்பானது.
முதல் சொட்டுக்குக் காத்திருந்தபோது
மொத்த ரயிலும் மூச்சைப் பிடித்திருந்ததாக எனக்குத் தோன்றியது.
உண்மையில் பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரத் துணியைப் போட்டு ஆறவைத்து
நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பினோம்.
தண்டவாளத்தில் மணல் தூவினேன், பிடித்துக்கொள் என்று.
அதற்கு இரண்டடி மேலே எண்ணெய் சொட்டியது, விட்டுவிடு என்று.
நடுவில் பல்சக்கரம் பல்லைக் கடித்தபடி ஏறியது.
இதில் எதை மாற்றிச் செய்தாலும்
நாங்கள் கல்லாறில் கிடப்போம்.

ரன்னிமீடில் புறங்கை: சூடு.
காட்டேரியில்: பொறுக்கலாம்.
குன்னூரில் புகழ்மாறனே வந்து,
நான் வைத்தது போலவே புறங்கையை வைத்துப் பார்த்தார்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

"ஒரு காலுறை சின்னதாப் போகுமே" என்றேன்.
"பொறந்த உடனே நடக்கவா போகுது?" என்றார்.

பதிவேட்டில் எழுதினேன்:
இடது முன் அச்சுப்பெட்டி. திரி மாற்றப்பட்டது. மூடி தேவை.
எங்கிருந்து வந்தது என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.