துணைக் கையொப்பம்

பூங்காவின் இந்த முனையில் நாடாளுமன்றம்,
அந்த முனையில் அரண்மனை.
நடுவே இலை உதிர்ந்த லிண்டன் மரங்கள், ஒரு நீரூற்று,
மூச்சிரைக்க ஓடும் மூன்று பேர்.
நடந்தால் ஏழு நிமிடம்.
பதினாறு வருடமாக நடக்கிறேன்.

தோளில் தோல் உறை. அதற்குள்
இரயில்வே இரவுப் பணியாளர் படிச் சட்டம்:
பதினோரு மணி நேரச் சண்டை,
மூன்று வாக்கில் வெற்றி.
ஒரு பத்தியில் டச்சு, மறு பத்தியில் பிரெஞ்சு.
நான் ஆய்ப்பன்காரி, ஜெர்மன் பேசுகிறவள்.
எங்கள் மொழிக்கு இது பெயர்ந்து வருவதற்குள்
பனி விழுந்து உருகிவிடும்.
வரட்டும்.
சுமப்பவளுக்கு எல்லா மொழியும் ஒரே எடை.

அரண்மனைக் கூரையில் கொடி பறந்தால்
மன்னர் நாட்டில் இருக்கிறார் என்று பொருள்.
இன்று பறந்தது, நனைந்தபடி.

அவரை நான் பார்த்ததே இல்லை.
ஒரு கதவு தெரியும்.
அதைத் திறக்கும் கிஸ்லேனின் இருமல் தெரியும்.
கால் மணி கழித்து
மை காய்ந்து வெளிவரும் கையெழுத்து தெரியும்.
'முடியாது' என்ற சொல்
என் காலத்தில் அந்தக் கதவைத் தாண்டி வந்ததில்லை.

இன்று உறையைத் திருப்பித் தரும்போது
கிஸ்லேன் குரலைத் தாழ்த்தினார்:
"பிரதமர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார்.
அரசு கவிழ்ந்துவிட்டது."

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.
மன்னரின் கையெழுத்து தனியே நிற்காது.
பக்கத்தில் ஓர் அமைச்சரின் கையெழுத்து விழவேண்டும்.
விழாவிட்டால்
அது அழகான கிறுக்கல்.
மன்னர்மேல் பழி கிடையாது என்கிறது அரசியல் சட்டம்;
பழியைச் சுமக்க ஒருவர் பக்கத்தில் ஒப்பமிடுகிறார்.
ஒருவருக்கு மகுடம், மற்றவருக்குத் தலைவலி.
மன்னன் எவ்வழி என்பதெல்லாம் பழைய கணக்கு.
இங்கே மக்கள் எவ்வழியோ
அவ்வழியே மை.

அமைச்சரின் பெயர் மார்லீன் டெ கெய்ஸர்.
கெய்ஸர் என்றால் பேரரசர்.
பேரரசர் அட்டைப் பெட்டியில்
தன் காலணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்,
மேலங்கியில் ஒரு கை மட்டும் நுழைத்து.
"நான்தான் விலகிவிட்டேனே" என்றார்.

சட்ட ஆலோசகர் ஓடி வந்தார்.
மன்னர் ராஜினாமாவை ஏற்கவில்லை,
மறுக்கவுமில்லை,
கையில் வைத்திருக்கிறார்.
அடுத்த அரசு அமையும்வரை
அன்றாட வேலைக்கு நீங்களேதான், அம்மா.

அடுத்த அரசு எப்போது?
யாரும் நாட்காட்டிப் பக்கம் திரும்பவில்லை.
நாளை முதல் கட்சித் தலைவர்கள்
ஒவ்வொருவராக அந்தக் கதவுக்குப் போவார்கள்.
மன்னர் கேட்பார். நிறையக் கேட்பார்.
பிறகு ஒருவரை அனுப்புவார்,
யார் யாரோடு உட்காரச் சம்மதிப்பார்கள் என்று
பார்த்துவர. அவர் களைத்தால் இன்னொருவர்.
இங்கே ஒரு கூட்டணி சேர்வதற்குள்
குழந்தை பிறந்து தவழத் தொடங்கிவிடும்.

அமைச்சரின் பேனா பெட்டிக்கு அடியில் போயிருந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
சேமிப்பு வங்கி இலவசமாகத் தந்தது,
மூடி கடித்துக் குதறியது.
மன்னரின் கறுப்புக்குப் பக்கத்தில்
சற்றே திக்கிய நீலம்.
அந்த நீலத்தில்தான் சட்டம் மூச்சு விட்டது.

மாலை. அரசு விழுந்த நாட்டில்
டிராம் நான்கு நிமிடம் தாமதம், எப்போதும்போல.
பள்ளிக்கூடங்கள் மொழிச் சமூகங்களுக்கு,
சாலைகள் பிரதேசங்களுக்கு;
அவர்களுக்குத் தனி மன்றம், தனிச் சண்டை.
அவர்கள் போடும் சட்டங்கள்
என் பூங்காவைக் கடப்பதே இல்லை.
கூடத்து விளக்கு அணைந்தாலும்
அறைகளில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அண்ணன் ரைனர் தொலைபேசியில் வந்தான்.
இரவு வண்டியில் கார்டு.
"அரசு விழுந்துடுச்சாமே. என் பணம்?"
"அரசிதழில் வந்து பத்தாம் நாள்."
"மன்னர் கையெழுத்துப் போட்டாரா?"
"போட்டார்."
"அப்ப சரி."

மற்றக் கையெழுத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
கடைக்குச் சீட்டு எழுதப் பையைத் துழாவினேன்.
பேரரசர்
பேனாவைத் திருப்பித் தரவே இல்லை.