பனி மேல் நடப்பதற்கான விதி

முதல் பதிப்பு நாற்பது பக்கம்.
டுலூத் நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தில்
மேலாளர் போனபின்
நான்தான் தட்டச்சு செய்தேன்.
வட்ட எழுத்து வரும் இடமெல்லாம்
தாளை ஓட்டை போடும் இயந்திரம்.
தூக்கிப் பிடித்தால்
கதவு, தங்கம், ஓநாய்
எல்லாவற்றிலும் வெளிச்சம்.

விதி பதினேழு, ஆர்வோ சொன்னது சொன்னபடி:
உறைந்த ஏரியில் கவசத்தோடு நடப்பவர்
பகடை உருட்டுக.
ஒன்று விழுந்தால் பனி உடையும்.
உள்ளே போனவர் போனவரே.

ஏன் ஒன்று, ஏன் இரண்டில்லை?
யாரும் கேட்கவில்லை.
வெண்டலின் சமையலறையில் ஐந்து பேர், ஒரே பகடை,
அதுவும் அவன் தங்கையின்
விளையாட்டுப் பெட்டியிலிருந்து சுட்டது.

எண்பத்தொன்று, பிப்ரவரி கடைசி வாரம்,
மீன்பிடிக் குடிலைக் கரைக்கு இழுத்துவர
பிக்கப் வண்டியோடு ஏரிக்குள் போனான் ஆர்வோ.
கவசம் இல்லை.
அண்ணனின் கம்பளிக் கோட்டு.

அடக்கத்தன்று பாதிரியார்
விதி என்றார்.
எங்களுக்கு அதன் எண் தெரியும்.

இரண்டாம் பதிப்பு கெட்டி அட்டை,
இருநூற்றுப் பதினாறு பக்கம்.
விஷத்தில் பதினாலு வகை,
கயிற்றுக்கு அடிக்கு இவ்வளவு என்று எடை,
குதிரை நோய்களுக்குத் தனி அத்தியாயம்.
விதி பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு.
அச்சுப்பிழை என்று நினைத்தார்கள்.

ஒஹையோவிலிருந்து ஒரு பையன்
தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்து எழுதியிருந்தான்:
விதி பதினேழு எங்கே?
மூன்று வாரமாக
நாங்கள் ஏரி விளிம்பிலேயே நிற்கிறோம்.

வெண்டல் அதைப் படித்துவிட்டு
வெளியே போய்விட்டான்.
நான்தான் பதில் போட்டேன்:
சுற்றிப் போங்கள்.

பிறகு நிறுவனத்தை டென்வர்க்காரர்கள் வாங்கினார்கள்.
மூன்றாம் பதிப்பில்
கார்ட்னர் ஸ்லோன் என்ற கணக்குக்காரர்
காலி எண்ணைக் கண்டுபிடித்து
அதில் ஒரு அட்டவணையை உட்காரவைத்தார்.
நான்கு அங்குலம்: ஒரு ஆள்.
ஆறு அங்குலம்: கவசம் அணிந்த ஆள்.
பதினைந்து அங்குலம்: பாரம் ஏற்றிய வண்டி.
வெயில் அடித்தால் இரண்டைக் கழிக்கவும்.

சரியான அட்டவணை.
ஷெரிஃப் துளை போட்டு அளந்தது ஒன்பது.
கழிக்க அன்றைக்கு
நல்ல வெயிலும் இருந்தது.

நான்காம் பதிப்பில் யாருமே சாகவில்லை.
ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால்
எந்தக் காயமும் ஆறிவிடும்.
பழைய ஆட்டக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள்,
இது விளையாட்டா, மருத்துவமனையா என்று.
நான் திட்டவில்லை.
அட்டைப்படம் மட்டும் பிடிக்கவில்லை.

ஐந்தாம் பதிப்பை எழுதுகிறவள்
இங்கேயே மலைச்சரிவில் குடியிருக்கும் பெண்,
இமோஜன் டக்காலா.
சனிக்கிழமை நூலகத்துக் கீழ்த்தளத்தில்
முன்பின் தெரியாதவர்களை உட்காரவைத்து
ஆடவிட்டுப் பார்த்து
அடித்து அடித்து எழுதுகிறாள்.
மெய்ப்பு பார்க்க எனக்கு அனுப்பினாள்.
கண் தெரிகிறவரை பார்ப்பேன்.

விதி முப்பத்தொன்று:
பனி உடைந்தால்
உள்ளே போனவருக்குப் பகடை கிடையாது.
கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.
கயிறு யாரிடம்?
குப்புறப் படுத்து ஊர்ந்து போகிறவர் யார்?
அவர் காலைப் பிடித்துக்கொள்பவர் யார்?
ஒவ்வொருவரும் உருட்டுக.
ஒருவருக்கு விழுந்தால் போதும்,
அவர் பிழைத்தார்.

அவளுக்கு ஆர்வோவைத் தெரியாது.
யாரும் சொல்லியிருக்க முடியாது.
வெண்டல் போய் ஆறு வருஷம்.

அன்று கரையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.
கயிறு வண்டிக்குள் இருந்தது.

காற்புள்ளி ஒன்று சேர்த்தேன்.
முப்பத்தொன்றை அடித்து
பதினேழு என்று எழுதினேன்.

போன் செய்தாள்:
பதினேழிலிருந்து எல்லா எண்ணும் நகரும்,
பொருளடக்கம், குறிப்பு அகராதி,
உள்ளே நூற்றுக்கும் மேல் இடத்தில்
தேடிப்பிடித்து மாற்றவேண்டியிருக்கும் என்றாள்.

மாற்று என்றேன்.