அறுநூற்று நாற்பது டாலர்

மர ஆலையில் இரவு ஷிப்ட்.
ஆறு வாரச் சம்பளத்தில்
வாடகை போக, டிரக்குக்கு டீசல் போக,
பல் மருத்துவருக்குப் பாதி போக
மிஞ்சியது அறுநூற்று நாற்பது.
காபி டப்பாவில் இருக்கிறது.

வில்லியம்ஸ் லேக்கில் எல்லாரிடமும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது.
பலகை வரிசையில் எனக்கு எதிரே நிற்கும் கார்வின்
காதடைப்பானைத் தூக்கிவிட்டுக் கத்துகிறான்:
"பின்னால் ஸஸ்பென்ஷன் இல்லாமல்
குதிக்கிறேன் என்று கிளம்பாதே, டெல்பின்.
முதுகெலும்பு கணக்குக் கேட்கும்."
அவன் சைக்கிள் எட்டாயிரம்.
அவன் குதித்து நான் பார்த்ததில்லை.

முதலில் பேரங்காடி.
புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் பார்பெக்யூ அடுப்புகளுக்கும் நடுவே
தங்க நிறத்தில் ஒன்று.
முன்னும் பின்னும் ஸ்பிரிங். நானூற்று இருபது.
ஹேண்டில்பாரை அழுத்தினேன்.
மெத்தை போல இறங்கியது,
ஞாயிற்றுக்கிழமை மெத்தை போல
எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.
சட்டத்துக்கு அடியில் எறும்பெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்:
தாவுவதற்கு அல்ல. கரடுமுரடான பாதைக்கு அல்ல.
பெயரில் மட்டும் மலை.

அடுத்தது ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜில்.
பத்து வருடம் பழைய டவுன்ஹில் சைக்கிள், அறுநூறு.
பார்த்ததும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது, அத்தனை அழகு.
"இரண்டே தடவைதான் ஓட்டினேன்" என்றார் விற்பவர்.
பெடல் முனைகள் பாறை தின்று மழுங்கியிருந்தன.
தானமாகக் கிடைத்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது அறுநூறு டாலர் மாடு.
மண்டியிட்டேன்.
கீழ்க்குழாய் தலைக்குழாயோடு சேரும் பற்றவைப்பில்
ஒரு முடி ஒட்டியிருந்தது.
துடைத்தேன். போகவில்லை.
"பெயிண்ட் கீறல்."
நகத்தை வைத்து இழுத்தேன்.
கீறலில் நகம் வழுக்கும்.
விரிசலில் நின்றுவிடும்.
நின்றது.

வீடு வரும் வழியெல்லாம்
அந்த மனிதரைவிட என் நகத்தின்மீதுதான் கோபம்.

மூன்றாவது ரோவன் பென்னருடையது.
கோடையில் மரக்கன்று நடுகிறவன்,
மற்ற மாதங்களில் எதையாவது விற்கிறவன்.
இரும்புச் சட்டம். பின்னால் ஸ்பிரிங் கிடையாது.
முன்னால் வேறேதோ சைக்கிளிலிருந்து கழற்றிப் பூட்டிய தடித்த ஃபோர்க்.
இருபத்தாறு அங்குலச் சக்கரம்,
இப்போது யாரும் சீண்டாத அளவு,
அதனால்தான் விலை என் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது.
பிரேக்கைத் தொட்டதும்
கதவில் விரல் நசுங்கியது போலச் சட்டென்று நின்றது.
சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினேன், ஆட்டமில்லை.
எல்லாப் பற்றவைப்பிலும் நகம் வழுக்கிக்கொண்டே போனது.

"பின்னால் ஒன்றும் இல்லையே?"
"இருக்கிறது. உன் முழங்கால்."

எழுநூறு கேட்டான்.
அக்டோபர். அவன் டிரக்கின் டயர்களைப் பார்த்தேன்,
வழித்த தலை மாதிரி.
பழைய டிரக்கை விற்றபோது மிஞ்சிய பனிக்கால டயர் நான்கு
என் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன.
அளவு சரியாக இருந்தது.
டயர்களும் நானூறும்.
கை குலுக்கும்போது இருவருமே
மற்றவரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் இருந்தோம்.

மிச்சம் இருநூற்று நாற்பது.
யானை வாங்கியவள் அங்குசத்துக்கு அழக் கூடாது:
முகம் மூடும் ஹெல்மெட், புதியது, நூற்றுத் தொண்ணூறு.
அடுத்தவர் தலை பட்ட அடி
எனக்கெப்படித் தெரியும்?
முழங்கால் கவசம் நாற்பத்தைந்து.
டப்பாவில் ஐந்து டாலர்.

ஞாயிறு. காட்டுக்குள் ஒரு மரமேடை,
அதன் விளிம்புக்குப் பிறகு ஒரு முழம் காற்று.
ஒரு முழம்தான்.
இரண்டு தடவை ஓரமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.
மூன்றாவது தடவை மேடையைப் பார்த்தேன்.
பலகை ஓரத்தில் நீல முத்திரை.
எங்கள் ஆலையில் கழித்துப் போட்டவை,
வளைந்ததால் கழித்தவை, வலுவில்லாமல் அல்ல.
இவற்றில் சில என் கை வழியாகவே போயிருக்கும்.

பிரேக்கை விட்டேன்.

சக்கரத்துக்குக் கீழே சத்தம் நின்றது,
பிறகு மொத்தமாக வந்தது,
சங்கிலி சட்டத்தில் அறைந்து, பற்கள் மோதி,
பாதி பணம் கட்டிய அந்தப் பல்கூட,
முழங்கால் இரண்டும் தாழ்ந்து,
எழுந்து.

கத்தினேன் போலிருக்கிறது.
ஹெல்மெட்டுக்குள் எனக்கு மட்டும் கேட்டது.

இங்கே லிஃப்ட் கிடையாது.
சைக்கிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு
மேலே நடந்தேன்.
இரும்பு. கனம்தான்.