ஈரத்துக்குக் கழிவு

நூற்றைந்து டிகிரி.
நாலு மணி நேரம்.
அதற்குள் எந்த மரமும்
உண்மையைச் சொல்லிவிடும்.

சிலிம் ரிவர் ஆலையின் பின்பக்கம் என் அறை.
ஒரு தராசு, ஓர் அடுப்பு,
சீனர் மருந்துக்கடை கொடுத்த
போன வருஷத்து நாள்காட்டி.
லோரி லோரியாக வந்து இறங்குகிறது நெருப்பின் தீனி:
பிழிந்து முடித்த செம்பனை நார்,
மறுநடவுக்குச் சாய்த்த பால்மரச் சிம்பு,
கொட்டை ஓடு.

நாரும் சிம்பும் எங்கள் கொதிகலனுக்கு.
ஈர நாரைப் போட்டால் நெருப்பு அழும் என்பார் தேவராயன்;
அது அழுதால் அழுத்தமானி முள் சாயும்,
முள் சாய்ந்தால் மேனேஜரின் போன் வரும்.

ஓடு கப்பலுக்கு.
தோட்டத்துச் சாலைப் பள்ளங்களில் கொட்டி
டிராக்டர் ஏற்றி மிதித்த அதே ஓடு.
இப்போது அது ஜப்பான் போய் எரிகிறது.
அங்கே பனி நாளில் யாரோ ஒருத்தி
குழாய் திறந்தால் வெந்நீர்.
அவளுக்காகத்தான் இந்தப் பதினைந்து சதவீதம்.
அதற்கு மேல் உள்ள ஈரம்
லோரிக்காரன் தலையில்.

"ஈரமே இல்லாத பொம்பள"
என்று என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள் எடைமேடையில்.
நானும் சிரித்துக்கொண்டே
ஐந்நூறு கிராம் அள்ளி
தட்டில் பரப்புவேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.
மழை நாட்களில் அடுப்பின் கீழ்த்தட்டில்
மகனின் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து காயும்.
ஓட்டு எண்ணெய் வாசம் ஏறி
வகுப்பில் இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்களாம்.

நேற்றும் மழை.
ஆரோக்கியநாதனின் தார்ப்பாய் கிழிந்து
இருபத்தோரு டன் ஓடும் நனைந்து வந்தது.
நாலு மணி நேரம் லோரிக்கடியில் குந்தியிருந்தான்.
ஐந்நூறு, நானூற்றுப் பதினொன்றாகியிருந்தது.
பதினேழு புள்ளி எட்டு.
கழிவு ஐந்நூற்று எண்பத்தெட்டு கிலோ.

"வானம் ஊத்துனதுக்கு
என் காசுலயா கழிக்கிறது?"

எண்ணை மாற்றவில்லை.
மாற்றத் தெரியாமல் இல்லை.

கையெழுத்துப் போடக் குனிந்தவனின் சட்டைக்குள்ளிருந்து
தொப்பென்று மேசையில் விழுந்தது
ஊறிப்போன ஒரு புத்தகம்.
மனைவியின் கிளினிக் புத்தகம். எட்டாவது மாதம்.
நாளை மறுநாள் காட்ட வேண்டுமாம்.
இல்லையென்றால் தாதி ஏசுவாளாம்.

வாங்கிப் பிரித்தேன்.
அவளுக்கும் ஒரு தராசு, ஒரு கட்டம்:
நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்து மூன்றரை.
ஏறிக்கொண்டே போன எண்கள்
மையோடு பரவத் தொடங்கியிருந்தன.

அடுப்பை அணைத்தேன்.
மிச்சச் சூட்டில், நடுத்தட்டில்,
பக்கங்களுக்கிடையே ஓட்டுத் துண்டுகளைச் செருகி
விரித்து வைத்தேன்.
கதவைச் சற்றுத் திறந்தே விட்டேன்.
வெளியே குந்தியவன்
தார்ப்பாயைத் தைக்க ஊசி கேட்டான்.
கோணி ஊசிதான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் புத்தகம்
பொரித்த கெரொப்போக் மாதிரி வளைந்து வந்தது.
எண்கள் நின்றன.
கைப்பழக்கம், தராசில் வைத்துவிட்டேன்:
போட்டபோது தொண்ணூற்றாறு,
எடுத்தபோது எழுபத்தொன்று.
இருபத்தைந்து கிராம் தண்ணீர்.
எந்தப் பாரத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

புத்தகத்தை வாங்கிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு
ஏணிப்படி ஏறும்போதும்
ஐந்நூற்று எண்பத்தெட்டு, ஐந்நூற்று எண்பத்தெட்டு என்று
முணுமுணுத்துக்கொண்டுதான் போனான்.